32 ஜிபி பென்டிரைவ் 'ரா' என்று காட்டுகிறது: ஃபார்மட் போடாமல் கோப்புகளை எடுக்க வழி உண்டா?

#1 மலர்க்குழு

வணக்கம். 32 ஜிபி பென்டிரைவ், ஃபைல் சிஸ்டம் (கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) ஃபேட்32. பள்ளி ஆண்டுமலருக்கான மொத்த வேலையும் இதில்தான் இருக்கிறது. செருகினால் "இந்த டிரைவைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் 10 கேட்கிறது. கேன்சல் கொடுத்துவிட்டு ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் ஃபைல் சிஸ்டம் 'ரா', அதாவது விண்டோஸால் அடையாளம் காண முடியவில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 28.9 ஜிபி, ஒரே பார்ட்டிஷன். விளக்கு எரிகிறது. வேறு கணினியில் போட்டாலும் இதே கதை.

உள்ளே வேர்டு கோப்புகள் (சில பழைய டாக், மற்றவை டாக்எக்ஸ்), கேமரா ஜேபெக் படங்கள், ஆண்டுவிழா வீடியோ ஒன்று. ஃபார்மட் கொடுக்கவில்லை, புதிதாக எதுவும் எழுதவும் இல்லை. பென்டிரைவ் போனாலும் பரவாயில்லை, கோப்புகள் வேண்டும். எதிலிருந்து ஆரம்பிப்பது?

#2 சர்வீஸ்64

சார், இது தினப்படி வர்ற கேஸ்தான். முதல்ல கமாண்ட் ப்ராம்ப்ட்ல சிகேடிஸ்க், டிரைவ் எழுத்து, சாய்கோடு எஃப் போட்டுப் பாருங்க. 'ரா' டிரைவ்ல ஓடாதுன்னு சொல்லும், பெரும்பாலும் அப்படித்தான். அப்போ குயிக் ஃபார்மட் கொடுத்துடுங்க. குயிக் ஃபார்மட் டேட்டாவை அழிக்காது. அப்புறம் ஏதாவது ரெக்கவரி சாஃப்ட்வேர் ஓட்டினா படமெல்லாம் வந்துடும்.

#3 பைட்டுப்பொறுக்கி

#2 சொல்வதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். "குயிக் ஃபார்மட் டேட்டாவை அழிக்காது" என்பது பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் உங்கள் கோப்புப் பெயர்களும் ஃபோல்டர்களும் போகும்.

ஃபேட்32 பார்ட்டிஷனில் முதலில் பூட் செக்டர் (பார்ட்டிஷனின் அமைப்பைச் சொல்லும் முதல் 512 பைட் துண்டு). அதன் நகல் ஆறாவது செக்டரில் இருக்கும். அதன்பின் ஃபேட் அட்டவணை இரண்டு பிரதிகள், அதன்பின்தான் ரூட் டைரக்டரியும் கோப்புகளும். 28.9 ஜிபி டிரைவில் கிளஸ்டர் (கோப்புகளுக்கு இடம் ஒதுக்கும் அலகு) 16 கேபி என்றால் சுமார் 18.9 லட்சம் கிளஸ்டர்கள். ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் 4 பைட். ஆக ஒரு பிரதி ஏறக்குறைய 7.5 எம்பி, இரண்டும் சேர்த்து 15 எம்பி. ஒரு கோப்பு எந்தக் கிளஸ்டரில் தொடங்கி அடுத்து எதற்குத் தாவுகிறது என்ற விவரம் முழுக்க இந்த 15 எம்பிக்குள்தான்.

குயிக் ஃபார்மட் செய்வது என்ன? இரண்டு அட்டவணைகளையும் பூஜ்யமாக்கும், ரூட் டைரக்டரியைத் துடைக்கும், பூட் செக்டரையும் அதன் நகலையும் புதிதாக எழுதும். கோப்பின் உடல் அப்படியே கிடக்கும், உண்மைதான். ஆனால் துண்டுதுண்டாகச் சிதறிய கோப்புகளைச் சேர்த்துக் கோக்க வழியே இருக்காது. அடிக்கடி திறந்து திருத்திச் சேமித்த வேர்டு கோப்புகள்தான் அதிகம் சிதறியிருக்கும். படங்கள் தப்பும், கட்டுரைகள் மாட்டும்.

இன்னொன்று: விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, 'குயிக்' டிக்கை எடுத்துவிட்டுச் செய்யும் முழு ஃபார்மட் எல்லா செக்டரிலும் பூஜ்யம் எழுதுகிறது. எக்ஸ்பி காலத்தில் அது படித்துச் சோதிக்க மட்டும்தான் செய்யும். அந்தக் காலத்து அறிவுரையை இன்று பின்பற்றினால் எதுவும் மிஞ்சாது.

சிகேடிஸ்க்கும் பழுதுபார்க்கும் கருவிதான், மீட்கும் கருவி அல்ல. ஃபைல் சிஸ்டம் முரணில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் கவலை. உங்கள் கட்டுரை இருக்கிறதா என்பது அதற்குப் பொருட்டல்ல. உரியவர் தெரியாத சங்கிலிகளை வெட்டி, 'ஃபவுண்ட்.000' என்ற ஃபோல்டரில் 'சிஹெச்கே' கோப்புகளாகப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லும்.

#4 சில்லுவித்தை

எந்த மென்பொருள் என்பது பிறகு. எந்த அடுக்கில் பழுது என்று முதலில் பாருங்கள். பென்டிரைவில் கன்ட்ரோலர் ஒன்று, நாண்ட் மெமரி (தரவு தங்கும் சில்லு) ஒன்று. நாண்டின் எந்த மூலையில் எந்த செக்டர் இருக்கிறது என்ற வரைபடம் கன்ட்ரோலரின் கையில். கணினி பார்ப்பது கன்ட்ரோலர் காட்டுவதை மட்டும்தான்.

அளவு சரியாக 28.9 ஜிபி காட்டுகிறது என்றால் கன்ட்ரோலர் உயிரோடு இருக்கிறது, வரைபடமும் பெரும்பாலும் சரி. பழுது ஃபைல் சிஸ்டத்திலோ, படிக்க முடியாத சில செக்டர்களிலோ. இது நல்ல செய்தி.

'நோ மீடியா' என்றோ 0 பைட் என்றோ, அபத்தமாக 8 எம்பி என்றோ காட்டினால் கன்ட்ரோலரால் நாண்டைப் படிக்க முடியவில்லை, அல்லது அதன் ஃபர்ம்வேர் ஏறவில்லை. அப்போது எந்த ரெக்கவரி மென்பொருளாலும் பயனில்லை. செருகியதும் சத்தமும் இல்லை, டிவைஸ் மேனேஜரில் அசைவும் இல்லை என்றால் மின்சாரம் அல்லது இணைப்பு. 'அன்நோன் யுஎஸ்பி டிவைஸ்' என்றால் தரவு இழைகளில் தொடர்பு சரியில்லை, அல்லது கன்ட்ரோலர் சரியாக எழவில்லை.

படிக்கலாம், எழுத முடியாது, 'ரைட் ப்ரொடெக்டட்' என்று வந்தால் பல நேரம் உதிரி பிளாக்குகள் தீர்ந்து கன்ட்ரோலரே பூட்டிக்கொண்ட நிலை. டிஸ்க்பார்ட்டில் 'ஆட்ரிபியூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி' கொடுத்தாலும் இது திறக்காது. அந்தக் கட்டளை விண்டோஸ் வைத்த பூட்டை மட்டுமே எடுக்கும். இதில் கோப்புகளைக் காப்பி எடுத்துவிட்டுத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: சும்மா செருகிச் செருகிப் பார்க்காதீர்கள். மின்சாரம் கிடைக்கும் ஒவ்வொரு முறையும் கன்ட்ரோலர் பின்னணியில் பிளாக்குகளை இடம் மாற்றும் வேலையைத் தொடங்கலாம். தேய்ந்த நாண்டில் அதுவே கடைசி அடியாகிவிடும்.

#5 மலர்க்குழு

நன்றி. லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் போட்டுப் பார்த்தோம். கர்னல் பதிவில் டிரைவ் பெயர், அளவு எல்லாம் வருகிறது. பிறகு 'மீடியம் எரர்', 'ஐ/ஓ எரர்' என்று சில வரிகள், அதில் ஒன்று செக்டர் 2048. மவுன்ட் ஆகவில்லை. அடுத்து?

#6 லினக்ஸ்வாசி

2048 தான் உங்கள் பார்ட்டிஷன் தொடங்கும் இடமாக இருக்க வேண்டும். விண்டோஸ் உருவாக்கும் பார்ட்டிஷன்கள் வழக்கமாக 1 எம்பி தள்ளித்தான் ஆரம்பிக்கும்: 2048 செக்டர், தலா 512 பைட். அதாவது பூட் செக்டரே படிக்க வரவில்லை. அதனால்தான் 'ரா'.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, முழு டிரைவின் இமேஜ் (பைட்டுக்குப் பைட் அப்படியே ஒரே கோப்பாக எடுத்த நகல்). மற்ற எல்லா வேலையும் இமேஜின் மேல்தான். சாதாரண காப்பி கட்டளையோ லினக்ஸின் 'டிடி' நகல் கட்டளையோ வேண்டாம். டிடி முதல் பிழையிலேயே நின்றுவிடும். பிழையுள்ள இடங்களைத் தாண்டி நகலெடுக்கும் குனு டிடிரெஸ்க்யூ எடுங்கள். 'சிஸ்டம்ரெஸ்க்யூ' லைவ் வட்டில் அதுவும், பார்ட்டிஷனையும் பூட் செக்டரையும் சரிசெய்யும் டெஸ்ட்டிஸ்க்கும் சேர்ந்தே வரும்.

முதலில் தானியங்கி மவுன்ட்டை அணைத்துவிடுங்கள். செருகியதும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் அளவையும் மாடலையும் பார்த்து எது உங்கள் பென்டிரைவ் என்று உறுதி செய்யுங்கள். லைவ் யுஎஸ்பியும் 32 ஜிபி என்றால் குழப்பம் வரும், ஒன்றைக் கழற்றிச் செருகி அடையாளம் காணுங்கள். பிறகு பிளாக்டெவ் கட்டளையின் 'செட்ஆர்ஓ' கொடுத்து டிரைவைப் படிக்க மட்டும் என்று வைத்துவிடுங்கள்.

இமேஜ் போய்ச் சேரும் வட்டில் முழு 32 ஜிபி இடம் வேண்டும். உள்ளே 5 ஜிபிதான் கோப்பு இருந்தாலும் அப்படித்தான். அந்த வட்டு என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட், ஈஎக்ஸ்டி4 ஏதாவது இருக்கலாம். ஃபேட்32 மட்டும் கூடாது, ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட்டதும் நின்றுவிடும்.

டிடிரெஸ்க்யூவுக்கு மூன்று பெயர்கள் தர வேண்டும்: மூல டிரைவ், இமேஜ் கோப்பு, மேப் கோப்பு (எது படித்தாயிற்று, எது படிக்கவில்லை என்ற குறிப்பு). மூலம் முழு டிரைவாக இருக்கட்டும், கடைசியில் 1 போட்ட பார்ட்டிஷன் அல்ல. மேப் கோப்பை விட்டுவிட்டால் நடுவில் நின்ற இடத்திலிருந்து தொடர முடியாது.

முதல் ஓட்டத்தில் சின்ன எழுத்து 'டி', 'என்' என்ற இரண்டு ஆப்ஷன்கள். 'டி' கர்னலின் கேஷைத் தவிர்த்து நேரடியாகப் படிக்கும். 'என்' சொல்வது, பிழையுள்ள பகுதிகளை இப்போதே செக்டர் செக்டராகச் சுரண்டாதே என்று. நல்ல பகுதிகள் முதலில் பத்திரமாக வந்து சேரட்டும். விநாடிக்கு 20 எம்பி வேகம் என்றால் அரை மணிக்குள் முடியும். இரண்டாவது ஓட்டத்தில் 'என்' இல்லாமல், 'ஆர்' 3 என்று கொடுத்து அதே இமேஜ், அதே மேப். விடுபட்ட இடங்களை மட்டும் மூன்று முறை முயன்று பார்க்கும்.

கவனிக்க வேண்டியது: படிக்க வராத பகுதியின் அளவைக் காட்டும் எண் திடீரென்று ஜிபி கணக்கில் பாய்ந்தால் டிரைவ் இணைப்பை விட்டுவிட்டது என்று பொருள். கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்துங்கள். டிரைவை ஆறவிட்டு மறுபடி செருகினால் லினக்ஸ் அதற்கு வைத்த பெயர் எஸ்டிபி என்று இருந்தது எஸ்டிசி ஆகியிருக்கலாம், பெயரைச் சரிபாருங்கள். பெரிய எழுத்து 'ஏ' ஆப்ஷனுடன் தொடர்ந்தால், பாதியில் பிழை என்று ஒதுக்கிய பகுதிகளை மறுபடி புதிதாகப் படிக்கும்.

#7 யாழ்நிரல்

லினக்ஸ் இல்லாத ஆக்களுக்கு: விண்டோஸில டிஎம்டிஈ எண்ட மென்பொருளின்ர இலவசப் பதிப்பிலேயே முழு இமேஜ் எடுக்கலாம், வாசிக்க ஏலாத செக்டரைத் தாண்டிப் போகவும் செய்யும். ஆனா விண்டோஸ் ஒரு டிரைவை மவுன்ட் செய்தால் 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' ஃபோல்டரை அதில தானாவே எழுதும். 'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்' எண்டும் கேக்கும், அதை அமத்தாதேங்கோ. 'ரா' எண்டு காட்டுற டிரைவில ஃபோல்டர் எழுதுற பிரச்சினை இல்லை, ஏனெண்டா எழுத அதுக்கு ஃபைல் சிஸ்டமே தெரியாது. அழிஞ்ச கோப்பைத் தேடுற நேரம்தான் இது வலு முக்கியம்.

பிட்லாக்கர் போட்ட டிரைவ் எண்டா கதை வேற. முழுக்கக் குறியாக்கம் செய்திருக்கும், அதில நேரடியா ஒண்டும் தேட ஏலாது. இமேஜ் எடுத்த பிறகு 48 இலக்க மீட்புச் சாவியோட 'ரிப்பேர்-பிடிஈ' பாவிக்கலாம். சாவியும் கடவுச்சொல்லும் இல்லாட்டி வேற வழியில்லை.

#8 மலர்க்குழு

இமேஜ் எடுத்தாயிற்று. இரண்டாம் ஓட்டத்துக்குப் பிறகு படிக்க வராதது 1.3 எம்பி மட்டும். மேப் கோப்பைப் பார்த்தால் பார்ட்டிஷன் தொடக்கத்தில் கொஞ்சம், முதல் 10 எம்பிக்குள் இன்னொரு இடம், மீதி நடுவில் சிதறி. டெஸ்ட்டிஸ்க்கில் இமேஜைத் திறந்தால் 'பூட் செக்டர் பேட், பேக்கப் பூட் செக்டர் ஓகே' என்கிறது. 'பேக்கப் பிஎஸ்' கொடுக்கலாமா?

#9 பைட்டுப்பொறுக்கி

கொடுக்கலாம். அதற்கு முன் இமேஜை இன்னொரு காப்பி எடுத்து, அதில் செய்யுங்கள். மூல இமேஜைத் தொடவே கூடாது.

வழி: டெஸ்ட்டிஸ்க்கைக் காப்பி இமேஜின் பெயரோடு தொடங்குங்கள். பார்ட்டிஷன் டேபிள் வகை 'இன்டெல்'. 'அட்வான்ஸ்ட்' உள்ளே உங்கள் ஃபேட்32 வரியைத் தேர்ந்து, 'பூட்', பிறகு 'பேக்கப் பிஎஸ்'. ஆறாம் செக்டரில் உள்ள நகலைத் தொடக்கத்துக்கு எழுதும். உடனே 'லிஸ்ட்' கொடுங்கள். ஃபோல்டர்கள் பெயரோடு தெரிந்தால் முக்கால் கிணறு தாண்டியாயிற்று. தேவையானவற்றைக் குறித்துக்கொண்டு பெரிய எழுத்து 'சி' அழுத்தினால் நீங்கள் காட்டும் இடத்துக்குக் காப்பி ஆகும். சிவப்பில் தெரிபவை முன்பே அழிக்கப்பட்ட கோப்புகள்.

ஆனால் முதல் 10 எம்பிக்குள் ஓட்டை என்றது கவனிக்க வேண்டியது. அது பெரும்பாலும் முதல் ஃபேட் அட்டவணைக்குள் விழும். இமேஜில் அந்த இடம் பூஜ்யமாக இருக்கும், பூஜ்யம் என்றால் 'காலி கிளஸ்டர்' என்று அர்த்தம். அந்த வழியாகப் போகும் கோப்புகள் எல்லாம் பாதியில் அறுந்து வரும். இரண்டாவது பிரதி அதற்காகத்தான் இருக்கிறது.

பூட் செக்டரில் இரண்டு எண்கள் வேண்டும்: ரிசர்வ்டு செக்டர் எண்ணிக்கை, ஒரு ஃபேட்டுக்கு எத்தனை செக்டர். பார்ட்டிஷன் தொடக்கத்தோடு முதலாவதைக் கூட்டினால் முதல் அட்டவணையின் தொடக்கம். அதோடு இரண்டாவதைக் கூட்டினால் இரண்டாம் அட்டவணையின் தொடக்கம். மேப் கோப்பில் உள்ள முகவரிகள் பைட்டில், ஹெக்ஸ் (16 அடிமான) எண்ணாக இருக்கும்; 512ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஓட்டை முதல் அட்டவணையில் எத்தனையாவது செக்டரோ, இரண்டாம் அட்டவணையில் அதே எண்ணில் உள்ள செக்டர்களை ஹெக்ஸ் எடிட்டரில் காப்பி எடுத்து ஓட்டையின் மேல் ஒட்டுங்கள். நீளம் மாறக் கூடாது, 'ஓவர்ரைட்' முறையில் ஒட்ட வேண்டும். 'இன்சர்ட்' ஆகிவிட்டால் பின்னால் உள்ள மொத்த டிரைவும் நகர்ந்துவிடும்.

நடுவில் சிதறிய பிழைகள் எந்தெந்தக் கோப்பைத் தின்றன என்று தெரியவும் ஒரு வழி உண்டு. இன்னொரு காப்பியில் டிடிரெஸ்க்யூவின் 'ஃபில்' முறையில், மேப் கோப்பைக் கொடுத்து, மோசமான செக்டர்களில் மட்டும் ஓர் அடையாளச் சொல்லை நிரப்பச் சொல்லுங்கள். வேறெங்கும் வர வாய்ப்பில்லாத சொல்லாக இருக்கட்டும். அது பூட் செக்டரையும் ஃபேட் ஓட்டையையும் சேர்த்தே நிரப்பிவிடும், அதனால் அந்த இரண்டையும் இந்தக் காப்பியில் நிரப்பியபின் மேலே சொன்னபடி சரிசெய்யுங்கள். பிறகு அந்த இமேஜை மவுன்ட் செய்து கிரெப்பில் (கோப்புகளுக்குள் சொல் தேடும் லினக்ஸ் கட்டளை) அந்தச் சொல்லைத் தேடினால், அடிபட்ட கோப்புகளின் பட்டியல் வந்துவிடும். எல்லாப் படங்களையும் திறந்து பார்க்கும் வேலை மிச்சம்.

#10 சர்வீஸ்64

இமேஜ் எடுக்கிற முறை சரிதான், முக்கியமான டேட்டான்னா அதுதான் வழி. ஆனா இந்த இழையைத் தேடி வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இவ்வளவு தேவையே இருக்காது. ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர் போயிட்டு வந்த பென்டிரைவ்ல எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டா மாறியிருக்கும், இல்ல காலியா தெரியும். இடம் மட்டும் 12 ஜிபி பயன்பாட்டுல இருக்குன்னு காட்டும். அது கரப்ட் இல்ல, ஷார்ட்கட் வைரஸ். கோப்பு எல்லாம் அங்கேயே மறைஞ்சு கிடக்கும்.

ஷார்ட்கட் எதையும் டபுள் கிளிக் பண்ணாதீங்க, பண்ணினா அந்தக் கம்ப்யூட்டருக்கும் தொத்திடும். கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஆட்ரிப் கட்டளை: மைனஸ் ஹெச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ், பிறகு டிரைவ் எழுத்தோட நட்சத்திரம் புள்ளி நட்சத்திரம், கடைசில சாய்கோடு எஸ், சாய்கோடு டி. மறைஞ்சதெல்லாம் வெளியே வரும். சில வகையில பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள்ள எல்லாத்தையும் தள்ளி வெச்சிருக்கும், அதையும் திறந்து பாருங்க. டாக்குமென்ட், படம் மட்டும் காப்பி எடுங்க. ஈஎக்ஸ்ஈ, விபிஎஸ், ஷார்ட்கட் எதையும் எடுக்காதீங்க. அப்புறம் பென்டிரைவை ஃபார்மட் பண்ணலாம்.

#11 பைட்டுப்பொறுக்கி

#10 சரி. அதோடு, தவறுதலாக டெலிட் ஆன கோப்புகளுக்கு ஒரு குறிப்பு.

ஃபேட்32இல் அழித்தால் டைரக்டரி பதிவின் முதல் பைட் ஹெக்ஸில் ஈ5 ஆகும், ஃபேட் சங்கிலி பூஜ்யமாகும். தொடக்கக் கிளஸ்டரும் அளவும் பெரும்பாலும் மிஞ்சும், தொடர்ச்சி போய்விடும். அதனால் மீட்கும் மென்பொருள் "கோப்பு தொடர்ச்சியாகத்தான் இருந்திருக்கும்" என்று ஊகித்தே எடுக்கிறது. சிதறியிருந்தால் முதல் பகுதி சரியாகவும் மீதி வேறு கோப்பின் பைட்டாகவும் வரும். குறும்பெயரின் (பழைய 8+3 எழுத்துப் பெயர்) முதல் எழுத்து போகும். ஆனால் நீண்ட பெயருக்கான பதிவில் போவது வரிசை எண்தான், பெயர் முழுதாக நிற்கும். தமிழில் பெயர் வைத்த கோப்புகளுக்கு நீண்ட பெயர் கட்டாயம் இருக்கும் என்பதால் அவை பெயர் சிதையாமல் வரும்.

எக்ஸ்ஃபேட் இன்னும் தயவானது. அழித்தால் 85 என்பது 05 ஆகிறது, சி0 என்பது 40 ஆகிறது, ஒரு பிட் மட்டும் மாறும். கோப்பு தொடர்ச்சியாக எழுதப்பட்டிருந்தால் அந்தக் குறிப்பும் பதிவிலேயே இருக்கும், ஊகிக்கவே வேண்டியதில்லை. அதன் பூட் பகுதி 12 செக்டர், நகல் 12ஆம் செக்டரில் தொடங்கும். என்டிஎஃப்எஸ்ஸில் பூட் செக்டர் நகல் பார்ட்டிஷனின் கடைசி செக்டர்.

சாதாரண பென்டிரைவ்களில் பெரும்பாலானவை ட்ரிம் (அழித்த இடம் எது என்று கணினி டிரைவுக்குச் சொல்லும் கட்டளை) ஆதரிப்பதில்லை, அழித்தவை அப்படியே கிடக்கும். யுஎஸ்பி உறைக்குள் எஸ்எஸ்டி வைத்து விற்பவற்றில் அந்த உறுதி இல்லை. அழித்த சில நொடிகளில் கன்ட்ரோலர் அந்தப் பக்கங்களைப் பூஜ்யமாகக் காட்டலாம்.

#12 யாழ்நிரல்

டைரக்டரியே சிதைஞ்சு போச்செண்டால் கடைசி வழி ஃபோட்டோரெக். அது ஃபைல் சிஸ்டத்தைப் பாக்காது, கோப்புகளின்ர தலைப்பகுதி பைட்டுகளைத் தேடி எடுக்கும். பேர் கிடையாது, 'ரெக்அப் டிர்' எண்ட ஃபோல்டர்களில 'எஃப்' எழுத்தும் செக்டர் எண்ணும் சேந்த பேரோட கொட்டும். ஓட முதல் 'ஃபைல் ஆப்ட்' உள்ளுக்குப் போய் ஜேபெக், டாக், ஜிப், எம்ஓவி மட்டும் விட்டுட்டு மற்றதை அணையுங்கோ. டாக்எக்ஸ் ஜிப் குடும்பத்துக்குள்ள வரும், எம்பி4 எம்ஓவி குடும்பத்துக்குள்ள. இல்லாட்டி ஆயிரக்கணக்கில குப்பைதான் சேரும்.

மலர்க்குழுவுக்கு ஒரு விசயம்: பழைய டாக் கோப்புகள் பாமினியிலயோ வானவில்லிலயோ அடிச்சதெண்டால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில திறக்கேக்க ரோமன் எழுத்தும் அரைப்புள்ளியுமாத்தான் தெரியும். அது சிதைஞ்ச கோப்பு இல்லை. "உள்ளுக்குக் குப்பை" எண்டு அழிச்சுப்போடாதேங்கோ. எழுத்துருவை நிறுவிப் பாருங்கோ, இல்லாட்டி ஒருங்குறி மாற்றியில ஒரு பந்தியைப் போட்டுப் பாருங்கோ. உண்மையாச் சிதைஞ்சதில சொல்லுகளுக்கு இடையில இடைவெளியே ஒழுங்கா இராது.

#13 நெகிழ்திரை

இடையில் ஒரு கேள்வி. செருகியிருந்த பென்டிரைவில் கால் இடித்து யுஎஸ்பி மூக்கு வளைந்துவிட்டது. இப்போது விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. 64 ஜிபி, யுஎஸ்பி 3. ஆட்டிப் பிடித்தால் ஒரு நொடி வருகிறது.

#14 சில்லுவித்தை

ஆட்டிப் பிடிப்பதை உடனே நிறுத்துங்கள். தரவு இழை விட்டு விட்டுத் தொடுவது கூடப் பரவாயில்லை, 5 வோல்ட் இழை வேறு பேடை (போர்டில் சால்டர் செய்யும் செம்புத் தட்டு) தொட்டால் கன்ட்ரோலர் கருகும்.

உறையைப் பிரியுங்கள். உள்ளே பச்சை அல்லது கறுப்பு போர்டில் கன்ட்ரோலரும் தனி நாண்ட் சில்லும் தெரிந்தால் வழி உண்டு. எல்லாம் ஒரே கறுப்புத் துண்டாக வார்த்தது (மோனோலித்) என்றால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை, ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

போர்டு வகையில் முதலில் உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள்: மூக்கின் கால்கள் மட்டும் ஈயத்திலிருந்து பிரிந்தனவா, அல்லது செம்புப் பேடும் சேர்ந்து கிழிந்து வந்ததா? கால் மட்டும் என்றால் ஃப்ளக்ஸ் வைத்து மறுபடி சால்டர் செய்தால் போதும். 60/40 ஈயத்துக்கு நுனி 330 முதல் 350 டிகிரி செல்சியஸ். ஒரு பேடில் இரண்டு மூன்று நொடிக்கு மேல் நுனியை வைக்காதீர்கள், பேடு உரிந்துவிடும்.

பேடு கிழிந்திருந்தால் பழைய யுஎஸ்பி கேபிள் ஒன்றை வெட்டி அதன் நான்கு கம்பிகளை நேரடியாக வையுங்கள். சிவப்பு 5 வோல்ட், வெள்ளை டி மைனஸ், பச்சை டி ப்ளஸ் (இவை இரண்டும் தரவுக் கம்பிகள்), கறுப்பு கிரவுண்ட். மலிவான கேபிள்களில் நிறம் மாறியிருப்பதுண்டு, மல்டிமீட்டரில் கன்டினியூட்டி பார்த்து உறுதி செய்யுங்கள். கிழிந்த பேடிலிருந்து செல்லும் இழையைப் பின்தொடர்ந்தால் டி கம்பிகள் கன்ட்ரோலருக்கும், சில போர்டுகளில் சிறு ரெசிஸ்டர் வழியாகவும், 5 வோல்ட் ரெகுலேட்டருக்கும் போகும். அந்த முனைகளில் வைக்கலாம். யுஎஸ்பி 3இன் கூடுதல் ஐந்து கால்களை விட்டுவிடுங்கள். இந்த நான்கில் யுஎஸ்பி 2 வேகத்தில் எல்லாம் படிக்க வரும். டி கம்பிகளைச் சமநீளமாக, குட்டையாக வையுங்கள்.

செருகும் முன் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மீட்டர் வையுங்கள். பீப் அடித்தால் ஷார்ட், செருகக் கூடாது. செருகியபின் ரெகுலேட்டர் வெளியீட்டில் 3.3 வோல்ட் வருகிறதா பாருங்கள். சில்லு ஒன்று விரல் வைக்க முடியாத சூடு என்றால் உடனே கழற்றுங்கள். மின்சாரம் சரி, 'அன்நோன் டிவைஸ்' என்றால் டி கம்பிகளை ஒருமுறை மாற்றிப் பார்க்கலாம், அதில் சேதம் வராது. 5 வோல்ட்டும் கிரவுண்டும் மாறினால் கதை முடிந்தது. பழைய போர்டுகளில் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் வெள்ளி நிறத்தில் தனியாக நிற்கும். இடித்த அதிர்ச்சியில் அது விரிசல் விட்டிருந்தாலும் டிரைவ் எழாது, அதே அதிர்வெண் கிரிஸ்டல் மாற்றலாம்.

கன்ட்ரோலரே செத்துவிட்டால் நாண்டைக் கழற்றிப் படிக்க வேண்டும். 48 கால் டிஎஸ்ஓபி சில்லைக் கழற்றுவது கடினமல்ல. வந்த தரவை ஒழுங்கு செய்வதுதான் வேலை: பிழைதிருத்தக் குறியீடு, கன்ட்ரோலர் செய்த எக்ஸ்ஓஆர் கலக்கல், பிளாக் வரிசை எல்லாம் அவிழ வேண்டும். அதற்கு பிசி-3000 ஃப்ளாஷ் மாதிரி கருவி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். "அதே மாடல் பென்டிரைவில் நாண்டை மாற்றி வைத்தால் வரும்" என்பார்கள். அதே கன்ட்ரோலர், அதே ஃபர்ம்வேர் அமைந்தால் சில நேரம் வரும். நம்பிச் செய்யும் வழி அல்ல.

#15 சர்வீஸ்64

எம்பி டூல் பத்தி யாரும் சொல்லலையே? சிப்ஜீனியஸ்ல கன்ட்ரோலர் மாடல் பார்த்துட்டு, அதுக்கான மாஸ் ப்ரொடக்ஷன் டூல் ஓட்டினா 'நோ மீடியா' டிரைவ்கூட எழுந்துடும்.

#16 சில்லுவித்தை

எழும், காலியாக. அது தொழிற்சாலையில் செய்யும் வேலை: நாண்ட் முழுவதையும் அழித்து, மோசமான பிளாக்குகளை ஒதுக்கி, வரைபடத்தையும் ஃபர்ம்வேரையும் புதிதாக எழுதுவது. அதன்பின் ஆய்வகத்தாலும் எதுவும் எடுக்க முடியாது. தரவு தேவையில்லை, டிரைவ் மட்டும் வேண்டும் என்றால் செய்யலாம். அப்போதும் பெட்டியில் உள்ள பிராண்ட் பெயரை நம்பாதீர்கள், ஒரே மாடலில் வெவ்வேறு கன்ட்ரோலர் வரும். விஐடி (யுஎஸ்பி விற்பனையாளர் எண்) 0951 என்றால் கிங்ஸ்டன், 0781 என்றால் சான்டிஸ்க். இது விற்பவரைச் சொல்லும், உள்ளே என்ன சில்லு என்று சொல்லாது. மாற்றுக் கன்ட்ரோலரின் கருவியை ஓட்டினால் இருப்பதும் போகும்.

#17 மலர்க்குழு

இரண்டாம் ஃபேட்டிலிருந்து ஒட்டியதும் எல்லா ஃபோல்டர்களும் பெயரோடு வந்துவிட்டன. அடையாளச் சொல் தேடலில் ஐந்து கோப்புகள் மாட்டின: மூன்று படம், ஒரு டாக்எக்ஸ், அந்த வீடியோ. படங்கள் கேமரா கார்டில் இருக்கின்றன. டாக்எக்ஸை வேர்டு திறக்க மறுக்கிறது, வீடியோ ஓடவில்லை.

#18 லினக்ஸ்வாசி

டாக்எக்ஸ் என்பது ஜிப் பொட்டலம். காப்பி எடுத்து, பின்னொட்டை ஜிப் என்று மாற்றி 7-ஜிப்பில் திறந்து பாருங்கள். உள்ளே 'வேர்டு' ஃபோல்டரில் உள்ள 'டாக்குமென்ட்' எக்ஸ்எம்எல் கோப்புதான் கட்டுரை. பெரும்பாலும் அடிபட்டது 'மீடியா' ஃபோல்டரில் உள்ள படமாக இருக்கும். அப்படியென்றால் எழுத்து முழுதாக வரும். பொட்டலமே திறக்காவிட்டால் லினக்ஸின் ஜிப் கட்டளையில் பெரிய 'எஃப்' இரண்டு போட்டு, புதிய பெயரில் சரிசெய்யச் சொல்லுங்கள். டாக்குமென்ட் கோப்பிலேயே ஓட்டை என்றால் ஓட்டை வரைக்கும் உள்ள பத்திகள்தான் கிடைக்கும். சுருக்கப்பட்ட தரவு என்பதால் அதற்குப் பின் உள்ளதை விரிக்க முடியாது.

வீடியோவில் 'மூவ்' என்ற பகுதியில்தான் எந்த ஃப்ரேம் எங்கே என்ற குறிப்பு. பல கேமராக்கள் அதைக் கோப்பின் கடைசியில் எழுதும். ஓட்டை அதில் விழுந்திருந்தால் எந்த ப்ளேயரும் திறக்காது. அன்ட்ரங்க் என்ற கருவி இருக்கிறது. அதே கேமராவில், அதே ரெசல்யூஷனில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றைக் காட்டினால், அதைப் பார்த்துப் புதிய 'மூவ்' எழுதித் தரும். வேறு கேமராவின் வீடியோவைக் கொடுத்தால் படம் கட்டம்கட்டமாகச் சிதறும், ஒலி தனியே ஓடும்.

#19 மலர்க்குழு

கட்டுரை முழுதாக வந்தது, அடிபட்டது படம்தான். வீடியோவும் ஓடுகிறது, நடுவில் இரண்டு விநாடி மட்டும் பச்சைக் கட்டம். இந்தப் பென்டிரைவை ஃபார்மட் செய்து இனிப் பயன்படுத்தலாமா? வாங்கும்போதே விலை கொஞ்சம் மலிவு.

#20 சில்லுவித்தை

கோப்புகள் இரண்டு இடத்தில் போய்ச் சேர்ந்தபிறகு சோதித்துப் பாருங்கள். விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3. இரண்டும் டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். தரவு உள்ள டிரைவில் இதை ஓட்டவே கூடாது.

முடிவு இரண்டு விதமாக வரும். ஒரு குறிப்பிட்ட அளவுக்குப் பின் எல்லாமே தவறு என்றால் போலிக் கொள்ளளவு: உள்ளே 8 ஜிபி நாண்ட், கன்ட்ரோலர் மட்டும் 32 என்று பொய் சொல்கிறது. அளவைத் தாண்டி எழுதியவை பழையதன் மேல் விழும், அல்லது எங்குமே எழுதப்படாது. 1 டிபி, 2 டிபி என்று சில நூறு ரூபாய்க்கு விற்பவை பெரும்பாலும் இப்படித்தான். உங்கள் இமேஜ் கடைசி வரை படித்தது மட்டுமே இது போலி இல்லை என்பதற்குச் சான்று ஆகாது, சோதனைதான் சொல்லும்.

பிழைகள் அங்கங்கே சிதறி வந்தால் நாண்ட் தேய்ந்துவிட்டது. ஃபார்மட் செய்தால் சில வாரம் நன்றாக இருப்பது போலத் தெரியும். பாட்டு கேட்க, டிவியில் படம் போட வைத்துக்கொள்ளலாம், வேறெதற்கும் வேண்டாம். எறிவதென்றால் மாணவர் விவரங்கள் அதில் இருந்ததால் மூக்கை உடைத்தால் போதாது. #14இல் பார்த்தீர்களே, மூக்கில்லாமலும் படிக்கலாம். உறையைப் பிரித்து நாண்ட் சில்லைக் கட்டிங் ப்ளையரால் குறுக்கே இரண்டாக நறுக்குங்கள்.